வாத்தியாரும் பேச்சுக்காரனும்

அத்தியாயம் பதினாறு

"அக்கா, போன வாரம் குடுத்த வாக்கு ஞாபகம் இருக்குல்ல?"

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, கையிலிருந்த வாக்யே என்ற பயறுச் சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் பாரிமா கேட்ட முதல் கேள்வி அது.

"சாப்பிட்டுட்டுக் கேளு," என்றாள் கொனாடு. "வெறும் வயித்துல சண்டை போட்டா உனக்குத்தான் நெஞ்சு எரியும்."

"சண்டை இல்ல. ஞாபகம் இருக்கான்னுதான் கேட்டேன்."

மறக்கக்கூடிய வாக்கா அது.

குமாசி நகரில், அடும் என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால், தாய்மாமன் இவர்கள் இருவருக்கும் விட்டுப்போன அச்சகம். சாவு வீட்டுக்காரர்களுக்கு நினைவு மலர் போடுவதுதான் தொழில். இறந்தவரின் வாழ்க்கைக் கதை, மனைவி மக்களின் அஞ்சலி, பாட்டு, படம் எல்லாம் சேர்ந்த புத்தகம். எதிர்ச் சாரியில் ஒருவன் ஒரே நாளில் மலர் போட்டுத்தர ஆரம்பித்ததிலிருந்து, வழக்கமாக வருகிற குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. இங்கே கொனாடுவின் எழுத்தறையில் நான்கு பெண்கள் ஒரு மலருக்கு நான்கு நாள் எடுத்தார்கள்.

எழுத உதவும் செயற்கை அறிவு வேண்டும் என்று பாரிமா ஆறு மாதமாக நச்சரித்து, கடைசியில் இரண்டு மென்பொருள்கள் வெள்ளோட்டத்துக்கு வந்து இறங்கின.

ஒன்று, குறிப்பைக் கொடுத்தால் முழு மலரையும் தானே எழுதித் தள்ளிவிடும். எழுத்தறைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் பேச்சுக்காரன். மற்றது தானாக ஒரு வரி எழுதாது. நாம் எழுதியதன் ஓரத்தில் நின்று, இங்கே பிழை, அங்கே முரண், மாற்றட்டுமா என்று கேட்கும். அது வாத்தியார்.

வாத்தியார் வந்தால் நான்கு பெண்களும் இருப்பார்கள். பேச்சுக்காரன் வந்தால் எழுத்தறையை மாதக் கடைசியில் மூடிவிடுவதாகப் பாரிமா சொல்லிவிட்டான்.

போன வாரச் சண்டை ஒரு பந்தயத்தில் போய் நின்றது. ஒரே சாவுக்கு இரண்டு மலர் தயாராகும். இரண்டையும் இறந்தவரின் குடும்பத் தலைவர் முன்னால் உரக்க வாசிப்பது. அவர் எதை அச்சுக்கு அனுப்பச் சொல்கிறாரோ, அந்த மென்பொருளுக்கு அன்று மாலையே ஒரு வருட ஒப்பந்தம். அச்சுக்குப் போகும் மலரிலும் ஒப்பந்தத்திலும் அக்கா தம்பி இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பது மாமன் காலத்து ஏற்பாடு. தோற்றவர் மறுபேச்சில்லாமல் போட வேண்டும். கொனாடு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். இதுவரை போட்ட மலர்களில் ஒன்றைக்கூட, எந்தக் குடும்பத்தின் காகிதத்தையும், இரண்டு மென்பொருளுக்கும் ஊட்டக் கூடாது. பாரிமா தலையாட்டினான். கணினி வேலையைப் பார்க்கிற அவள் மகள் பிராகோவும் தலையாட்டினாள்.

எழுத்தறைச் சுவரில் பாரிமா ஒரு அட்டவணை ஒட்டியிருந்தான். வேகம், உள்ளூர் ட்வி மொழி, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கட்டங்கள், எதிரே மதிப்பெண்கள்.

"ட்வியில பேச்சுக்காரனுக்கு எட்டு மார்க்கா?" என்றாள் மன்சா. எழுத்தறையில் மூத்தவள், நாக்கிலும் மூத்தவள். "போன வாரம் செத்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னான்."

"அது போன வாரம். இப்பத் திருந்திட்டான்."

"ஒரே வாரத்துலயா? என் புருஷனையும் கூட்டிட்டு வர்றேன் சார். எங்க விடணும்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிராகோ மட்டும் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அட்டவணைல ஒரு கட்டம் குறையுது," என்றாள் கொனாடு. "தப்பு வந்தா யாரைக் கேக்கணும்னு போடலியே."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே."

"நீ இருப்ப. கேட்டா ஊர்ல இருக்கமாட்ட."

பந்தய மலர், தாஃபோவில் முப்பது வருடம் பள்ளி நடத்திய ஆசிரியர் பெப்ராவுக்கு. அடக்கம் சனிக்கிழமை. இன்று இரண்டு மணிக்கு வாசிப்பு, நான்கு மணிக்கு அச்சு.

குடும்பம் கொடுத்த கைப்பட எழுதிய குறிப்புகளை வைத்து மன்சா மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருந்தாள். பதினோரு மணிக்குக் கொனாடு அதை வாத்தியாரிடம் காட்டினாள். ஓரத்தில் நாற்பத்து மூன்று குறிப்புகள் வந்து நின்றன. தேதி தவறு, ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது, இந்த வாக்கியம் முன்பே வந்துவிட்டது. எல்லாம் நியாயமான குறிப்புகள். முதல் இருபதை எழுத்தெண்ணிப் படித்து, ஒவ்வொன்றாகச் சரி சொன்னாள்.

இருபத்தொன்றில் தொலைபேசி அடித்தது. குடும்பத் தலைவர் ஒபானின் அமோவா.

"ஒரு மகளையும் கூட்டிட்டு வர்றேன். நாற்காலி இருக்குமில்ல?"

"இருக்குங்க பெரியவரே. எத்தனை வேணும்?"

பேசிக்கொண்டே கொனாடு மிச்சத்தைக் கண்ணால் மேய்ந்தாள். இருபது நல்ல யோசனை சொன்னவன் இருபத்தொன்றாவதாகக் கெட்ட யோசனையா சொல்லப் போகிறான். 'எல்லாவற்றையும் ஏற்கவும்' என்ற இடத்தை அழுத்தினாள்.

இரண்டு மணிக்கு வந்தார்கள். ஒபானின் அமோவா கறுப்புத் துணியைத் தோளில் போட்டிருந்தார். இறந்த ஆசிரியரின் தாய்வழிக் குடும்பத்துக்குத் தலைவர். அவர் சரி என்றால்தான் ஒரு எழுத்து அச்சேறும். பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, தலையில் சிவப்புத் துணி. "ஆசிரியர் மக. அடோமா. ஒபுவாசியிலேர்ந்து வந்திருக்கா," என்றார்.

அவர் உட்காருவதற்குள் பாரிமா, "ஐயா, ரெண்டு பிரதி தயாரா இருக்கு," என்று ஆரம்பித்தான்.

பெரியவர் சுவரைப் பார்த்தார். "தொண்டை காஞ்சிருக்கு தம்பி."

மன்சா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நிதானமாகக் குடித்தார். அடோமாவும் குடித்தாள். அதற்குப் பிறகுதான் வழக்கப்படி பாரிமா, எல்லாம் தெரிந்தவன் எதுவும் தெரியாதவன்போல, "வந்த சேதி என்னங்க?" என்று கேட்க, பெரியவர் எல்லோருக்கும் தெரிந்த சேதியை ஆதியிலிருந்து சொன்னார். மணி இரண்டரை ஆகிவிட்டது. பாரிமாவின் கால் மேசைக்கடியில் ஆடியது.

முதலில் கொனாடு வாசித்தாள். மன்சாவின் எழுத்து நன்றாகவே நடந்தது. பெரியவர் இரண்டு இடத்தில் தலையசைத்தார், ஒரு இடத்தில் சிரித்தார்.

"ஆசிரியர் பெப்ரா, ஆறு பிள்ளைகளின் தந்தை..."

தலையசைப்பு நின்றது.

"இன்னொரு தரம் வாசிம்மா."

கொனாடு வாசித்தாள். வாசிக்கும்போதே நாக்கு தடுமாறியது.

"நான் ஏழாவது," என்றாள் அடோமா. குரலை உயர்த்தவில்லை.

"என்னைப் பெத்தவர் சுரங்கத்துல செத்தப்ப எனக்கு நாலு வயசு. எங்கள அஞ்சு பேரையும் லாரில ஏத்திக் கொண்டுவந்தது இந்த அப்பாதான். அந்த வீட்டுல பெத்த பிள்ளை, தம்பி பிள்ளைன்னு யாரும் சோத்தைப் பிரிச்சதில்ல. நீங்க பிரிச்சுட்டீங்க."

பெரியவர் கொனாடுவைப் பார்த்தார். "தம்பி பிள்ளை எந்த ஊர்லம்மா வேத்துப் பிள்ளை? தம்பி போனா அண்ணன்தான் அப்பா. இதை உனக்கு எழுதி வேற தரணுமா? எழுதியும் தந்தேன். பதினோரு பிள்ளைன்னு என் கையால எழுதினேன்."

"ஏழாம் பக்கத்து அஞ்சலில ஆசிரியரம்மா ஆறுன்னு..." என்று கொனாடு முணுமுணுத்தாள்.

"அவ தன் வயித்துல பொறந்ததை எண்ணுனா. அது அவ கணக்கு. ரெண்டும் நிசம்தானே. எது பொய்யின்னு நீ அடிச்ச?"

"அக்கா, நான் பதினொண்ணுன்னுதான்..." என்று எழுந்த மன்சாவின் மணிக்கட்டைக் கொனாடு பிடித்து உட்காரவைத்தாள்.

இடம் பார்த்துப் பாரிமா நுழைந்தான். "ஐயா, மன்னிக்கணும். புதுசா ஒரு மென்பொருள். பிழை பாக்குறேன்னு சொல்லி, அதுவா..."

அவனைச் சொல்ல விட்டால் வாத்தியார் தலையில் பழி போய்விடும். வாத்தியாரோடு எழுத்தறையும் போய்விடும். விடாவிட்டாலும் போகத்தான் போகிறது. ஆனால் பொய்யோடு போக வேண்டியதில்லை.

"அதுவா மாத்தல பெரியவரே," என்றாள் கொனாடு. "பதினொண்ணை ஆறுன்னு மாத்தட்டுமான்னு கேட்டுச்சு. நான் படிக்காம சரின்னுட்டேன். உங்ககிட்ட ஃபோன்ல நாற்காலிக் கணக்குப் பேசிக்கிட்டே சரின்னேன். தப்பு என்னோடது."

"சனிக்கிழமை அபராதமா ஒரு பாட்டில் சீமைச் சாராயத்தோட வந்து, இதையே பதினோரு பேர் முன்னாலயும் சொல்லு," என்றார் பெரியவர். "தம்பி, நீ உன்னோடதை வாசி."

பாரிமாவுக்கு நல்ல குரல். தேவாலயத்தில் பைபிள் வாசிக்கிற குரல். பதினோரு பிள்ளைகளின் பெயரும் வரிசை தவறாமல் வந்தது. பெரியவரின் முகம் இளகியது. பத்தொன்பதாம் பக்கத்தில், பிள்ளைகளின் அஞ்சலி.

"மழை வந்தால் அப்பா முதலில் செருப்பைக் கழற்றுவார். செருப்பு நனையுமே என்று அல்ல. தோளில் பிள்ளை இருக்கும்போது கால் தரையோடு நேரில் பேச வேண்டும், நடுவில் ஆள் வைத்துப் பேசக் கூடாது என்பார். சேறு முழங்கால்வரை வந்தாலும் அந்தத் தோள் ஒருநாளும் சாய்ந்ததில்லை."

அடோமா தலைத்துணியின் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கொனாடு அழவில்லை.

அது அவள் எழுதியது. ஒன்பது வருடத்துக்கு முன்னால், இதே மேசையில், தன் புருஷன் அம்போன்சாவின் மலருக்கு. சுவாமேயில் லாரி உதிரிபாகம் விற்றவர். ஒரு சொல் மாறவில்லை.

நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிராகோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையே போடுங்க," என்றார் ஒபானின் அமோவா, எழுந்துகொண்டே. "எதிர்க்கடைத் தையல்காரர்கிட்ட துணி வாங்கிட்டு வர்றேன். அடோமா, நீ வண்டில இரும்மா."

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை கொனாடு அசையவில்லை. பிறகு மகளை அறைக்கு வெளியே மாடி நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை மலர் ஊட்டின?"

"எல்லாம்." பிராகோ கதவுப் பக்கம் பார்த்தாள். "பத்தொம்பது வருஷத்தோடதும்."

"மாமா சொன்னானா?"

"மாமா கேட்டார். செஞ்சது நான்தான். அதுக்கு நம்ம ஊர்ச் சாவு தெரியலம்மா. எழுதினா வெளிநாட்டுச் சாவு மாதிரியே இருந்துச்சு. நம்ம மலரைப் படிச்சாத்தான் கத்துக்கும்னு..."

"கத்துக்கறதுக்கும் களவாடறதுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரியாது. உனக்குமா?"

"அப்பாவோடதும் அதுக்குள்ள இருக்கும்னு தோணவே இல்ல."

"பிராகோ, அந்தத் தோள்ல இருந்தது யாருடி?"

பிராகோவின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

கதவு திறந்து பாரிமா வந்தான். ஒரு கையில் ஒப்பந்தம், மறு கையில் பேனா. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்போன்சாவின் மலரை அச்சடித்தவன் அவன்தான்.

"வாசிக்கும்போதுதான் எனக்கும் தெரிஞ்சுது," என்றான். "சத்தியமா. பாதில நிறுத்த முடியல அக்கா. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தேல்ல."

"பத்தொம்பதாம் பக்கத்தை எடு."

"எடுத்தா அவ கேப்பா. எங்க அந்தப் பத்தின்னு கேப்பா. என்ன சொல்லுவ? அது இன்னொரு சாவுதும்மா, உன் சாவுக்கு ஒட்டிட்டோம்னா? சாயங்காலத்துக்குள்ள குமாசி பூரா தெரிஞ்சிரும். பத்தொம்பது வருஷக் குடும்பங்களும் வாசல்ல வந்து நிப்பாங்க. எங்க காகிதம் எந்த மெஷின் வயித்துல இருக்குன்னு."

"கேக்கட்டுமே. கேக்க வேண்டியதுதானே."

"கீழ இருபத்தாறு பேர் அச்சு ஓட்டுறாங்க. உன் நாலு பேருக்காக அழுவியே, அந்த இருபத்தாறும் யாரு?" குரலைத் தாழ்த்தினான். "சரி, கேளு. எழுத்தறையை மூடல. நாலு பேரும் இருக்கட்டும். இப்பவே இதுல எழுதித் தர்றேன். நீ இதைப் பத்தி மட்டும் வாயத் திறக்காம கையெழுத்துப் போடு. அத்தான் இருந்திருந்தா சிரிச்சிருப்பார். என் தோளை இன்னொருத்தி கடன் வாங்கிட்டுப் போகட்டும், விடுன்னு சொல்லியிருப்பார்."

சொல்லியிருப்பார்தான். அதுதான் அவளைக் கொன்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான்கு பெண்கள். மன்சா தன் மேசையைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தாள். ஒரு டம்ளர், ஒரு குடை, பிள்ளையின் பள்ளிப் படம். ஒரு கையெழுத்தில் அந்த டம்ளர் திரும்ப மேசைக்கு வந்துவிடும்.

கொனாடு பேனாவை வாங்கினாள். பாரிமா மூச்சு விட்டான்.

பேனாவை ரவிக்கையில் செருகிக்கொண்டு, எழுத்தறை மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, அவள் படியிறங்கினாள்.

"அக்கா. அக்கா, எங்க போற?"

திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி முற்றத்தில், அச்சுக்கூடத்தை ஒட்டி நின்றது. அடோமா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. கொனாடு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"உங்கமேல கோபம் இல்லம்மா," என்றாள் அடோமா. "ஒத்துக்கிட்டீங்க. போதும்."

"இன்னும் ஒண்ணு ஒத்துக்கணும்." கொனாடு தன் பக்கக் கதவைச் சாத்தினாள். "நீ அழுதியே, செருப்பு, தோளு. அது உங்கப்பா இல்ல. என் புருஷன். அவர் போனப்ப நான் எழுதினது. மெஷின் எடுத்துக் குடுத்திருச்சு."

அடோமா முன்கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். சாலையில் ஒரு சவ வண்டி சைரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரியுமா?"

"உங்க புருஷன்னு தெரியாது. அப்பா இல்லன்னு தெரியும். அவருக்கு முதுகுல வலி. யாரையும் தூக்கினதே இல்ல. ஆனா அந்தத் தம்பி வாசிச்சப்ப..." உள்ளங்கையால் கண்ணை அழுத்திக்கொண்டாள். "தூக்கியிருக்கலாமேன்னு இருந்துச்சு. தூக்கின மாதிரியே இருந்துச்சு."

கொனாடு அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அப்ப எங்கப்பாவுக்கு என்ன போடப் போறீங்க?" என்றாள் அடோமா. குரல் மாறியிருந்தது. "இன்னொருத்தர் தோள்லயே அவரைப் புதைச்சிருவீங்களா?"

கொனாடு ரவிக்கையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை முழங்காலில் விரித்தாள்.

"சொல்லு. மழை பெஞ்சா அவர் என்ன பண்ணுவார்?"

"மழைன்னா... பள்ளிக்கூடம் தகரக் கூரை. சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மத்த வாத்தியாருங்க விட்டுட்டு உக்காந்துருவாங்க. அப்பா உக்கார மாட்டார். வாயை மூடிட்டு, சாக்பீஸ எடுத்து, போர்டு பூரா..."

அச்சுக்கூடத்துக்குள் பெரிய இயந்திரம் இரண்டு தடவை இருமியது. பிறகு தாளம் பிடித்து ஓட ஆரம்பித்தது. மணி நான்காகவில்லை. மலரில் அவள் கையெழுத்தும் ஆகவில்லை; பாரிமா பொறுக்கவில்லை. வண்டியின் தரை அதிர்ந்தது, தாள் அதிர்ந்தது.

அடோமா பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தாள்.

"அது ஓடட்டும். நீ நிறுத்தாதம்மா," என்றாள் கொனாடு, தலை நிமிராமல். "போர்டுல என்ன எழுதுவார்?"